பதினொன்றாம் கட்டம்

வெளிநாட்டு மாணவர் பிரிவு என்பது
ஒரு ஜன்னல், இரண்டு நாற்காலி,
ஜனவரியில் மட்டும் வேலை செய்யாத ஒரு ஹீட்டர்,
அப்புறம் நான்.

பத்து மணிக்கு டெல்லிப் பனி
காதோரம் சொட்டச் சொட்ட வருவார்கள்.
போனஃபைட் சான்றிதழ். விசா நீட்டிப்பு.
ஆர்.கே. புரத்துக்கு எந்த பஸ்.
மெஸ்ஸில் காரத்தைக் குறைக்கச் சொல்ல முடியுமா.
முடியாது,
ஆனால் தயிர் கேட்டால் தருவார்கள்.
இதைச் சொல்லவும்தான் எனக்குச் சம்பளம்.

படிவத்தில் முதல் பத்துக் கட்டமும் சுலபம்.
பெயர், தகப்பன் பெயர், பாஸ்போர்ட் எண்,
அது காலாவதியாகும் நாள்.
பதினொன்றில் எல்லாப் பேனாவும் நிற்கும்:
இந்தியாவில், அவசரத்துக்கு, யாரை அழைப்பது?

காலியாக விட்டால் கணினி ஏற்காது.
ஏதாவது எழுதுங்கள் என்பேன்.
எழுதுவார்கள்.

துஷான்பேயிலிருந்து வந்த ஃபர்சோனா
கட்வாரியா சராயில் தனக்கு சிம் கார்டு விற்றவனின்
எண்ணை எழுதினாள்.
உறவு என்ற இடத்தில்: ப்ரீபெய்ட்.

மலாவிக்காரன் சிசோமோவுக்கு
நான்காவது வீட்டுக்காரரும் கைவிரித்த வாரம் அது.
போனில் ஆங்கிலம் கேட்டு
அறை இருக்கிறது என்றவர்
வாசலில் ஆளைப் பார்த்ததும்
அறையைக் காணோம் என்றார்.
வாடகைக்கு ஆள் வைத்ததாக ஒரு கையெழுத்து,
அதைப் போட முனிர்க்கா முழுக்க
ஒரு கை இல்லை.
அவன் நெடுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினான்:
ராம்நிவாஸ், நூலக வாசல், இரவுக் காவல்.
உறவு: நான் திரும்பி வராவிட்டால் கவனிப்பவர்.
கட்டம் போதாமல் கடைசிச் சொல்
ஓரத்தில் ஏறி நின்றது.

துணைப் பதிவாளர் சிவப்பு மையில் சுழித்தார்.
தகுந்த நபர் அல்ல.
தகுந்த நபர் என்றால் யார் சார்?
விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.
முன்னாலிருந்து ஒரு தடவை,
பின்னாலிருந்து ஒரு தடவை.
அதற்குள் டீ வந்துவிட்டது.

மார்ச்சில் என் பித்தப்பையில் கல்.
சேர்க்கைப் பிரிவில் படிவம் நீட்டினார்கள்.
வேலம்மாள், தகப்பன் பெயர் சுடலைமுத்து,
வயது நாற்பத்தெட்டு,
இருபத்தோரு வருஷமாக இதே ஊர்,
ஓட்டு இங்கே, கேஸ் இணைப்பு இங்கே,
கறிவேப்பிலைக்காரன் பாக்கி வைப்பதும் இங்கேதான்.
தம்பி ஓசூரில். அவனுக்கு லீவு கிடைத்து
ரயில் கிடைத்து வருவதற்குள்
கல்லே கரைந்துவிடும்.
உடனே வரக்கூடியவர்? என்றாள் நர்ஸ்.
ஏதாவது எழுதுங்கள்.

அலுவலக எண்ணை எழுதினேன்,
எக்ஸ்டென்ஷன் இருநூற்றுப் பதினாலு.
எழுதிய பிறகுதான் உறைத்தது,
அந்தப் போனை எடுக்கும் ஆள்
இங்கே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடக்கிறாள்.

மணி அடித்ததாம். விட்டு விட்டு அடித்ததாம்.
மூடிய ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றவர்களில்
ஃபர்சோனாதான் கம்பிக்குள் கைவிட்டு
ரிசீவரை இழுத்திருக்கிறாள்.
வேலா மேம் இல்லை, என்ன வேண்டும்?
கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும்.

நான் கண் விழித்தபோது
அவள் கையில் எவர்சில்வர் டம்ளர் நிறைய
மெஸ் தயிர்.
டாக்டர் தண்ணீரே கூடாது என்றிருந்தார்.
அவளோ,
கேட்டேன், கொடுத்தார்கள் என்றாள்
ஏதோ பரீட்சையில் தேறியவள் போல.

வாசலில் நர்ஸ் சிசோமோவை மறித்தாள்.
பேஷண்டுக்கு நீங்கள் என்ன உறவு?
அவன் பழக்கதோஷத்தில் பையைத் திறந்து
பாஸ்போர்ட், விசா நகல்,
வெள்ளைப் பின்னணியில் நான்கு புகைப்படம்
எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினான்.

அவள் ஒரு புகைப்படத்தை மட்டும் எடுத்து
என் ஃபைலில் செருகிவிட்டு
உள்ளே போங்கள் என்றாள்.
எதற்கென்று அவளுக்கும் தெரியாது.