ஒன்பதாம் பாகம்

பையப்பனஹள்ளியில் ஏறியவள்
பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனைத் தட்டினாள்.
இயர்போன் இல்லை.
பெட்டி முழுக்க என் குரல்.

இன்ஸ்பெக்டராக நான்தான் அதட்டுகிறேன்,
கிணற்றில் விழுந்தவளாக நான்தான் கூப்பிடுகிறேன்,
கதவு கிறீச்சிடுவது எங்கள் பீரோவின் கீல்.
அதற்காகவே எண்ணெய் போடாமல் வைத்திருக்கிறேன்.

ஜோகுபாளையத்தில் மேல்வீட்டு மோட்டார் ஓய
ராத்திரி ஒன்றரை ஆகும்.
மின்விசிறியை நிறுத்தி, ரஜாயைப் போர்த்தி,
புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துப்
பேசிய பேச்சு.
மாதம் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
கட்டுகிறவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர்.

"நல்லாருக்கே, என்ன கதை?" என்றேன்.
குரலை மாற்றித்தான் கேட்டேன். அது எனக்கு வரும்.

"கேட்டதில்லையா? செம திகில்க்கா.
ஆனா இப்பல்லாம் ஒழுங்கா போடறதில்ல.
போன ஞாயித்துக்கிழமை பூரா காத்திருந்தோம்.
பொறுப்பே இல்ல அந்தம்மாவுக்கு."

போன ஞாயிறு எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.

"காசு கட்டணுமோ?"

சிரித்தாள். கழுத்து அட்டையில் சுகிர்தா என்றிருந்தது.
"எதுக்குக்கா? குரூப் இருக்கு.
நம்பர் சொல்லுங்க, லிங்க் அனுப்பறேன்."
யார் வீட்டு மரத்திலோ கறிவேப்பிலை ஒடித்து
தெருவுக்கெல்லாம் கொடுப்பவளின்
வெள்ளை மனசு.

சொன்னேன்.

ட்ரினிட்டி வருவதற்குள் உள்ளே போய்விட்டேன்.
நாலாயிரத்துச் சொச்சம் பேர்.
எல்லாப் பாகமும் வரிசையாக,
என்னிடம்கூட இல்லாத ஒழுங்கில்.
கீழே ஒருவர்:
"அட்மின், ஏழாவதில் இருமல் சத்தம். சுத்தமானது போடவும்."
இன்னொருவர்:
"முடிவை மாத்தச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு சாகக் கூடாது."
யாரிடம் சொல்லச் சொல்கிறார்?

விரல் ஒரு இடத்தில் நின்றது.
ஒன்பதாம் பாகம்.
பழைய ஆப்பை மூடிய அதே வாரம்
ஹார்ட் டிஸ்க்கும் செத்தது.
எஸ்பி ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன்,
நாலு பேரும் கையை விரித்தார்கள்.
கிணற்றுக்குள்ளிருந்து அவள் முனகும் அந்த இடம்
அதற்கப்புறம் எத்தனை ராத்திரி முயன்றும்
எனக்கு வரவில்லை.

திருடன் வீட்டில் என் சொம்பு,
புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று.

இறக்கிக்கொண்டேன். முப்பத்தெட்டு எம்பி.
யாராவது பார்க்கிறார்களா என்று
ஒருமுறை சுற்றிலும் பார்த்தேன்.

எம்ஜி ரோட்டில் எழுந்தபோது சுகிர்தா
"ஞாயித்துக்கிழமை கண்டிப்பா புதுசு வரும்க்கா" என்றாள்,
என் சார்பில் வாக்குக் கொடுத்து.

இன்று வெள்ளி.