புள்ளி

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுப்பு.
மர்செய் மருத்துவமனைப் போர்வைகளை
இன்றொரு நாள் வேறு யாராவது துவைக்கட்டும் என்று
எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸுக்குப் பேருந்து ஏறினேன்.
இது நான்காவது செவ்வாய்.

காலனிகளின் ஆவணக்காப்பகத்தில்
பேனாவைப் பெட்டியில் பூட்டச் சொல்வார்கள்.
உள்ளே பென்சில் மட்டும்.
வெளியே மிஸ்த்ரால் காற்று
பிளாத்தான் மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும்.

மூன்று வாரம் தாத்தாவை 'எஸ்' வரிசையில் தேடினேன்.
சந்தனசாமி.
சவரிமுத்துகள் இருந்தார்கள், செபஸ்தியான்கள் இருந்தார்கள்.
வாசிப்பறை மேசையில் இருக்கும் மகலி ரூஸ்தான்தான்
"தே-யில் பாருங்கள்" என்றாள்.
தே, ஸே, ஆஷ்.
நம் ஒற்றைச் ச-வுக்கு
மூன்றெழுத்து செலவழித்திருக்கிறான் காரைக்கால் எழுத்தன்.

கிடைத்தார்.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு,
மார்ச் பதினொன்று, காலை எட்டு மணி.
ஆண் குழந்தை.
தாய் வேம்பு, வயது பத்தொன்பது, தொழில் இல்லை.
(ஊர் நெல்லையெல்லாம் குத்தியவளுக்குத்
தொழில் இல்லை.)
தந்தை: பெயரிடப்படவில்லை.

எங்கள் வீட்டில் அவர் கப்பலில் போனவர்.
சைகோனுக்கு என்பார் அப்பா.
ரெயூனியோனுக்கு என்பார் சித்தப்பா.
எந்தக் கப்பல் என்பதில்
ஒரு தீபாவளியன்று இருவரும்
புதுச்சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள்.

கீழே சாட்சிகள் இரண்டு.
செக்குக்காரர் கீறல் வைத்திருக்கிறார்.
மற்றவர் தோணிக்காரர், வயது இருபத்தாறு;
'தன் மொழி எழுத்தில் ஒப்பமிட்டார்' என்று பிரெஞ்சில் குறிப்பு.

"என்ன எழுதியிருக்கிறது?" மகலி திரையில் குனிந்தாள்.
"இருபது வருஷமாக இந்த எழுத்துகளைத்
தாண்டித் தாண்டிப் போகிறேன்."

புள்ளி வைக்காத காலத்துக் கை.

காவேரியபபன எனபிளளை

காவேரியப்ப பிள்ளை என்று வாசித்துவிட்டுப் போகலாம்.
ஆனால் தோணி தள்ளுகிறவனுக்கு
யார் கொடுத்தார்கள் பிள்ளைப் பட்டம்?
நடுவில் அந்த எ எதற்கு?
மை சொட்டியிருக்கலாம்.
சொட்டிய மை இப்படிச் சுழித்துத் திரும்புமா?

கப்பலில் போனவர்
மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறார்,
சாட்சியாக.
துரைக்குத் தெரியாத எழுத்தில்.
எழுத்தன் நம்மவனென்றால் வாசித்திருப்பான்.
வாசித்துவிட்டு மணல் தூவி உலர்த்தியிருப்பான்.

மகலிக்குச் சொன்னேன்.
"அது கையெழுத்துக்கான இடம் மதாம்.
பிள்ளையை ஏற்பதென்றால் ஓரத்தில் எழுத வேண்டும்,
அதிகாரி ஒப்பமிட வேண்டும். செல்லாது."
சொன்னாளே தவிர
கொஞ்ச நேரம் அவளும் நகரவில்லை.

கைபேசி அதிர்ந்தது. காரைக்காலிலிருந்து மருமகன்:
'அத்தை, பாட்டனோட அப்பா பேர் என்ன போட?
விண்ணப்பம் நாளைக்குக் கடைசி.'
'பெயரிடப்படவில்லை' என்று தட்டி அனுப்பினேன்.

பிறகு நோட்டில்
அந்த வரியைப் பார்த்து எழுதினேன்.
பென்சில்தானே, தப்பென்றால் அழித்துக்கொள்ளலாம்.
பெயருக்கு இரண்டு புள்ளி.
எ-வை அடுத்த ன-வின் தலையில் ஒன்று;
அழுத்தியதில் முனை உடைந்தது.
ள-வுக்கு ஒன்று பாக்கி.
மகலியிடம் போய்த்
துருவி கேட்டேன்.