நாலரை இஞ்ச்

பள்ளத்தூரில் அந்த வீடு
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது.
நடுவில் வளவு. வளவைச் சுற்றி அறைகள்.
அறைக்கொரு புள்ளி. ஆகப் பதினாலு புள்ளி,
பதினாலு கதவு.
பூட்டாமல் இருந்தது ஒன்றே ஒன்று.

அடைக்கப்ப செட்டியாருக்கு வலப்பக்கம் விழுந்து ஏழு மாசம்.
கக்கூஸ் இருப்பது கடைசிக் கட்டுக்கு அப்பால், கிணறு தாண்டி.
கட்டிலில் இருந்து
நூற்றிப் பதினெட்டு எட்டு, ஆறு வாசப்படி.
எண்ணிச் சொன்னது உண்ணாமலை ஆச்சி,
தோளில் அவரைச் சாய்த்துக்கொண்டு எண்ணியது.

"அறைக்குள்ளயே ஒண்ணு வச்சுக் குடுங்க, இருதயராஜு."

அளந்தேன். மூலையில் நாலுக்கு நாலரை அடி தேறியது.
குழாய் வெளியேற, சந்துப் பக்கச் சுவரில்
நாலரை இஞ்சுக்கு ஒரு துளை வேண்டும்.
அறை அவர்களுடையது.
சுவர் பதினாலு புள்ளிக்கும் பொது.

பினாங்கில் இருந்து குரல் பதிவு வந்தது:
சாமி அறைக்கு எதுத்தாப்புல கக்கூஸா?
கோயமுத்தூர்க்காரர் வாஸ்துப் படம் அனுப்பினார்,
சிவப்பில் அம்புக்குறி போட்டு.
ஒருத்தர் கட்டைவிரல் மட்டும்.
சம்மதமா, பார்த்தாச்சு என்றா, தெரியவில்லை.
ஒரு பங்காளி செத்து ரெண்டு வருசம்.
அவருக்கு மகள்கள் மூணு பேர்,
ஒரு கையெழுத்து மூணாகக் குட்டி போட்டது.
நான் அதற்குள் புதுவயலில்
ஒரு அரிசி ஆலைக்கு மோட்டார் மாட்டிவிட்டு வந்தேன்.

ஆச்சி கடைசியாக எதுவும் எழுதவில்லை.
அந்த நூற்றிப் பதினெட்டு எட்டையும்
படம் எடுத்து அனுப்பினார்.
முகம் இல்லை. தரை மட்டும்.
ஆத்தங்குடிக் கல்லின் பூக்கள் மேல்
நாலு பாதம், ஒன்று இழுபட்டு.
நடுராத்திரி பினாங்கு எழுதியது:
"செய்யுங்க."

முட்டையும் கடுக்காயும் கலந்த காரை என்று
பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்வார்கள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
டிரில் பிட் ரெண்டு முறிந்தது,
மூணாவதுக்குக் காரைக்குடிக் கடையில் கடன் சொன்னது.
சாயங்காலம் மறுபக்கத்து வெளிச்சம்
வட்டமாக உள்ளே விழுந்தது.
சந்தில் மேய்ந்த ஆடு ஒன்று
ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தது.
முதல் விருந்தாளி.

அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம்.
எங்கள் பேச்சில் வாட்டம் என்றால் சரிவு.
அது இல்லாவிட்டால் எதுவும் போகாது.
ரசமட்டத்தில் குமிழியை
நடுவில் இருந்து ஒரு கோடு நகர்த்தி
குழாயைப் பூசினேன்.
கைப்பிடிக் கம்பி இடது பக்கம்,
அவருக்கு ஓடுகிற கை அது.

சிமெண்ட் காய்ந்த மூணாம் நாள் ஆச்சி சொன்னார்:
"மொதல்ல நீங்க போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."
ஒரு வாளித் தண்ணி எடுத்தேன்.
"வாளி எதுக்கு?
காலையில இருந்து வேலையா இருக்கீங்க,
ஒருதரம்கூட வெளிய போகலையே."

இருபத்தாறு வருசம்.
எத்தனையோ கோப்பை மாட்டியாச்சு,
மாட்டின வீட்டில் எல்லாம்
கண்மாய்க்கரைக்குத்தான் வழி கேட்டிருக்கிறேன்.

கதவைச் சாத்தினேன்.
மேலே தேக்கு உத்தரம்.
சுவரில் ஏதோ கல்யாணப் படம் தொங்கிய இடம்
வெளுக்காமல் சதுரமாக இருந்தது.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
வெளியே வந்து
"நல்லாப் போகுது ஆச்சி" என்றேன்.
இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

துளைக்குப் பதினாறு கையெழுத்து.
பில்லுக்கு ஒன்று.

சாமானைச் சாக்கில் கட்டும்போது
அடைக்கப்ப செட்டியார் கம்பியைப் பிடித்து உள்ளே போனார்.
ஆச்சி வெளியே நின்றார், தோள் சும்மா இருக்க.
உள்ளே தண்ணி விழுந்தது.
தொட்டி நிறையும் வரை பொறுத்து,
தேவையே இல்லாமல்,
இன்னொரு தரம்.