பதிவேட்டில் உள்ளபடி

பரிமாறிக்கொண்டிருந்தவன் நான்.
ஊரடங்கு தளர்ந்த ஆவணியில்
முதலாளி கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து
வாசலில் நின்று நெற்றிகளைச் சுடச் சொன்னார்.

வெள்ளைத் துப்பாக்கி, பாரிமுனையில் வாங்கியது.
புரசைவாக்கம் வெயிலில் நடந்து வந்தவருக்கும்
காரிலிருந்து குளிரக் குளிர இறங்கியவருக்கும்
ஒரே தொண்ணூற்றாறு புள்ளி நான்கு.
மூன்றாம் நாள் பேட்டரி போயிற்று.
அதன் பிறகும் சுட்டேன்.
எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.
திருநீற்றுக்குக் குனிவதுபோல் குனிந்துவிட்டு
உள்ளே போனார்கள்.

அடுத்தது பதிவேடு.
நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா.
பெயர், கைப்பேசி, நேரம்.
"ரெண்டு இட்லிக்கு ஜாதகமே கேப்பீங்க போல"
என்றவர் குமார் என்று எழுதினார்.
அந்த வாரம் முப்பது குமார்கள்.
ஒருவர் ஒன்பது இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.
ஒரு பெண் முழுதும் எழுதியபின்
கடைசி மூன்றை எட்டாக வளைத்தாள்.
நான் பார்த்தேன்.
பார்த்ததை அவளும் பார்த்தாள்.
எங்கள் இருவருக்கும் கண்கள் மட்டும்தான் வெளியே.

தப்பு சொல்ல முடியாது.
நம்பர் போனால் தெருவில் தகரம் அடிப்பார்கள்.
பதினான்கு நாள் சம்பளத்தை யார் தருவது?

கோயில்பிள்ளை சார் மட்டும்
இரண்டு இனிஷியலும் புள்ளிகளும் தவறாமல்
அச்சடித்ததுபோல் எழுதுவார்.
பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் கணக்கெழுதி ஓய்வானவர்.
ஏழாம் மேசை, நேர்மேலே ஏ.சி.

ஏ.சி. போடக் கூடாது என்று உத்தரவு.
போட்டோம்.
ஒன்றுவிட்டு ஒரு மேசையில்
சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டியிருந்தோம்.
கூட்டம் சேர்ந்தால் அதன் மேலேயே தட்டு.
ஜன்னல்கள் உண்டு,
ஹாலைக் குளிராக்கிய வருடம்
பெயின்ட் அடித்து இறுக்கியவை.
வாசலில் ஐந்நூறு ரூபாய் அபராதத்துக்குப் பயந்து மூடிய வாய்
பத்தடி உள்ளே போனதும் திறந்தது.
திறக்கத்தானே வந்தது.

புரட்டாசி சனிக்கிழமை, கூட்டமில்லை.
மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
பிளாஸ்டிக் முகத்தடுப்புக்குள் வியர்வை வழிந்தது.
கோயில்பிள்ளை ஸ்டான்லியில் இருக்கிறார் என்றாள்.
மூச்சு விட்டு விட்டு அவரே சொன்னாராம்:
போன சனி, ஒன்றே கால் மணி, ஏழாம் மேசை.

அந்த நேரத்தில் ஹாலில் பதினான்கு பேர்.
முதல் எண் உபயோகத்தில் இல்லை.
இரண்டாவது ஆம்பூரில் ஒரு மாட்டுத்தீவனக் கடை.
மூன்றாவதை அழுத்தினாள்.
கல்லாவில் போன் அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க, ஏ.சி. ஹால் இருக்கு"
என்றார் முதலாளி.
அவள் காதில் அதுவே
அரை நொடி தாமதித்து வந்திருக்க வேண்டும்.
திரும்பி அவரைப் பார்த்தாள்.
பெயர்ப்பலகையைப் பார்த்து எவரோ எழுதியிருக்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை.
மாஸ்க்குக்குள் சிரித்திருந்தால் தெரியாது.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.
ஓரத்தில் என் கையெழுத்தில்
மேலிருந்து கீழே தொண்ணூற்றாறு புள்ளி நான்கு,
தொண்ணூற்றாறு புள்ளி நான்கு.
ஒன்றும் கேட்கவில்லை.
அது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"
"வாசல்ல."
"உள்ள போகவே இல்லையா?"

மணி லீவு. ஏழாம் மேசைக்கு
இரண்டாம் முறை சாம்பார் ஊற்றியது நான்.
மூக்குக்குக் கீழே மாஸ்க்,
குனிந்து, "போதுமா சார்?"
அவர் நிமிர்ந்து என்னவோ சொன்னார்.
ஏ.சி. இரைச்சலில் கேட்காமல்
இன்னும் கிட்டே குனிந்தேன்.

"இல்லை" என்றேன்.

எழுதிக்கொண்டாள்.
"உங்க நம்பர் சொல்லுங்க."

சொன்னேன், ஒவ்வொன்றாக,
ஒன்பது இலக்கம் வரை.
அவள் பேனா காத்திருந்தது.