ஜூன் என்று ஒரு மரபணு

பெப்ரவரியில் ஒரு குடுவை
கழுவுதொட்டிக்குள் என் கையிலேயே உடைந்தது.
மணிக்கட்டின் உள்ளோரம், இரண்டு சென்ரிமீட்டர்.
இரத்தம் அதிகமில்லை.
சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும்
அன்று பின்னேரமே என்னை விட்டுப் போயின.

பாதி விரல் என்றால் நம்பமாட்டீர்கள்.
தேத்தண்ணிக் கோப்பை ஒரு பக்கம் சுடும்.
மற்றப் பக்கம் ஆருடையதோ.

பாசலில் தைத்துவிட்ட டொக்டர் ஸ்ரைனர் சொன்னார்:
தைத்தது உறையை மட்டும்தான்,
உள்ளே இழை தானாக நடந்து வரவேண்டும்
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்.
பதினொராம் நம்பர் ட்ராமில் கணக்குப் பார்த்தேன்.
நகக்கண் வரை பதினேழு சென்ரிமீட்டர்.
போத்தல்களில் திகதி எழுதும் நீலப் பேனாவால்
ஞாயிறுதோறும் கையில் கோடு போட்டேன்:
தட்டும்போது எங்கே சுள்ளென்று மின்னுகிறதோ
அங்கே வந்து நிற்கிறது நுனி.

ஜூனில் திரும்ப வேலை. கண்ணாடி தொடக்கூடாது, லேபல் ஒட்டலாம்.
மூன்றாம் மாடி ரெகுலா கூப்பிட்டாள்
(குடும்பப்பெயர் அம்மான்;
சிரிக்காமல் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது).
உருப்பெருக்கியின் கீழ் எலிக்குட்டியின் நரம்பணுக்கள்.
நடுவே ஒரு மதில்.
உடல்கள் இந்தப் பக்கம், மதிலுக்கு அடியால்
ஊர்ந்துபோன வால்கள் அந்தப் பக்கம்.
சாப்பாடு அந்தப் பக்கம் மட்டும்.

"சாப்பாடு இல்லை, செய்தி," என்று திருத்தினாள்.
வால்நுனி அந்தப் புரதத்தைப் பிடித்து
பொட்டலம் கட்டி
வந்த வழி முழுக்கத் திருப்பிக் கொண்டுவரும்.
வந்து சேர்ந்தால் உடல் இருக்கும்.

பக்கத்துத் தட்டில் நேற்றுக் காலை
புரதத்தைக் கழுவி எடுத்திருந்தாள்.
வால்கள் மணிமணியாக அறுந்து கிடந்தன,
அந்து போன மாலை.
இருபது மணித்தியாலத்துக்குள் திருப்பி விட்டிருந்தால் பிழைக்குமாம்.
நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். இருபத்தாறு.

ஆர் கொல்கிறது?
"தானே. பசித்தால் உள்ளே ஒரு மரபணு எழும்பும்.
பெயர் ஜூன்."
மாதத்தைச் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.
"நீ வெட்டுப்பட்ட அன்று
உன் கழுத்தடியிலும் அதுதான் எழும்பியது.
அங்கே அது வளரச் சொல்கிறது."

ஒரே வாய். சா என்கிறது, வளர் என்கிறது.
எப்போது எது?
"அது தெரிந்தால்," கையுறையை உருவிப் போட்டாள்,
"எனக்குச் சம்பளம் தரமாட்டார்கள்."

அன்றிரவு படுக்கையில் பிடரியைத் தொட்டுப் பார்த்தேன்.
எலும்பு. கொஞ்சம் வியர்வை.
இத்தனை வருடமும் கட்டளை மேலிருந்து
கீழே வருவது என்று இருந்துவிட்டேன்.
விரல்நுனியில் இருந்து ஒரு சொல் போகாவிட்டால்
அங்கே வீட்டையே பூட்டிவிடுவார்கள் போல.

செப்டெம்பர் நடுவில், கிளைன்பாசல் படிக்கட்டில்
உடுப்பு மூட்டையோடு நீந்திப் போகிறவர்கள்
ஒருவருமில்லாத ஒரு சாயந்தரம்,
ரைன் ஆற்றில் சுண்டுவிரலை மட்டும் வைத்தேன்.

குளிர்ந்தது
மோதிரவிரலின் பாதி.

முகவரி பிழை. திரும்பத் திரும்ப வைத்தேன்,
ஒவ்வொரு முறையும் அதே பிழை.
குந்தியிருந்து சிரித்ததைப் பார்த்து
நாயோடு வந்த ஒருவர் தள்ளி நடந்தார்.

வீட்டுக்கு வந்து நீலப் பேனாவைத் தேடி எடுத்தேன்.
நகத்தில் மை பிடிக்கவில்லை.