அறுபத்தெட்டு நானூறு

அரிசி ஆலைத் தராசில்
அறுபத்தெட்டு கிலோ நானூறு.
தூக்கி ஏற்ற நாலு பேர்.
வெட்டினபிறகு தின்ன ஒருவருமில்லை,
சதை முழுக்கத் தண்ணீரும் நாரும்.
நான் வளர்த்தது விதைக்கு.

முந்நூற்றுப் பதினொன்று.
சாம்பல் பிரட்டி, நிழலில் உலர்த்தி
மருந்து உறைகளில் எழுதினேன்:
தாய் விசுவமடு, தகப்பன் முத்தையன்கட்டு.
அந்த ஆண்பூவை ஈரச்சீலையில் சுற்றி
விடியமுன் மடியில் வைத்துக்
கொண்டுவந்தவன் நான்.
பெண்பூவின் வாயை நூலால் கட்டி
வண்டுக்குக் காவல் இருந்தவனும்.

மல்லாவி யோகநாயகி கேட்டு வந்தாள்.
போன வருசப் பரிசு அவளுக்கு.
பொறுக்கிப் பொறுக்கி
மெலிந்ததாய் மூன்று கொடுத்தேன்.
விதையைப் பார்த்தாள், பிறகு என்னை.
தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

கார்த்திகையில் குளம் மேவிப் பாய்ந்தது.
என் தகரப்பெட்டி
நெத்தலியாற்றுப் பாலத்தடியில் கிடந்தது
இரண்டு கிழமை கழித்து.
திறந்தால், எல்லாம் உள்ளுக்குள்ளேயே முளைத்து
அழுகி
ஒரே நாற்றம்.

தைக் கடைசியில்
பஸ்ஸை நிறுத்திக் கொண்டக்டர்
ஓர் உறையை நீட்டினான்.
நாற்பது விதை. ஒவ்வொன்றும்
என் பெருவிரல் நகத்திலும் பெரிது.
மேலே அவள் கையெழுத்து:
'68.4 அன்னலிங்கம்.
மற்றப் பாதி என்னட்டை. கொஞ்சம்
அக்கராயனிலும் இருக்கு.'

அவளுடைய காய் எத்தனை கிலோ என்று
எழுதியிருக்கவில்லை.
உறையைத் திருப்பியும் பார்த்தேன்.
கேட்க
வெட்கமாய்க் கிடக்கு.