இருபது எஃப்

இரவு பத்தேகால். கடையை இழுத்துப் பூட்டிய பிறகு
தமாமிலிருந்து ஜபருல்லா.
வாப்பா மவுத்து. நாளை லுஹருக்கு அடக்கம்.
"எவ்வளவு நேரத்துல வந்து சேரலாம் ராத்தா?"

பூட்டை மறுபடி திறந்தேன்.
கீழக்கரையில் டிக்கெட் போடுகிறவளுக்குத்
தூரம் வாயிலேயே இருக்கும்,
நேரத்துக்குத்தான் கம்ப்யூட்டர் வேண்டும்.

தமாம், மதுரை: மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்.
வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் இந்த எண் வராது.
உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும்,
நூல் தானாகவே கொஞ்சம் வடக்கே வளையும்.
எண்ணூற்றைம்பதால் வகுத்தால் நாலு மணி, சொச்சம்.
அந்த நூலில் ஓடும் விமானம் எதுவும் இல்லை.

உள்ளது கொழும்பு வழி.
நடுராத்திரி ஒன்றரைக்கு ஏறினால் ஐந்தேகால் மணி.
அங்கே நாற்காலியில் மூன்றரை மணி,
அதற்குத் தூரம் கிடையாது.
பிறகு மதுரைக்கு முந்நூற்றைம்பது.
பெட்டி இல்லையென்றால் முக்கால் மணியில் வெளியே.
பிறகு அருப்புக்கோட்டை, கமுதி, சாயல்குடி,
ரோடு இருக்கிற லட்சணத்தில் மூன்று மணி.
அவர்கள் கடிகாரத்தோடு இரண்டரையைக் கூட்டினால்
வாலிநோக்கத்து வாசலில் அவன் கால் வைப்பது
மாலை ஐந்தரை.

"மஃரிபுக்குத் தள்ளக் கேட்டியா?"
"கேட்டேன். வாப்பாவே சொல்லி வச்சாராம்,
என்னை யாருக்காகவும் போட்டு வைக்காதீங்கன்னு."

கப்பல் உடைக்கிற இடத்தில் இருபது வருஷம் நின்ற மனிதர்.
கிடக்க விட்டதைக் கடல் என்ன செய்யுமென்று தெரிந்தவர்.

போடவா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை.
சும்மா, கொழும்புக்கும் மதுரைக்கும்
திரையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன்.
கோடு கரையேறும் இடம்
மூக்கையூருக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே.
பன்னிரண்டு நாற்பதுக்குக் கிளம்பினால் அங்கே ஒன்று இருபது.
கீழே அந்நேரம் வரிசை கட்டியிருப்பார்கள்.

நாலு கிலோமீட்டர் உயரம், பக்கவாட்டில் பத்து.
ஆக, வாப்பாவுக்கும் மகனுக்கும் பதினொன்று.
அதற்கப்புறம் தூரம் கூடும்.

"வலப்பக்கம் ஜன்னல் போடுறேன் தம்பி. இருபது எஃப்.
கடல் முடிஞ்சு உப்பளம் வெள்ளையாத் தெரியும், பாரு."

பத்து நாள் கழித்துத் திரும்பும் டிக்கெட்டுக்கு வந்தான்.
பாக்கி நானூற்று இருபதை எண்ணி வைத்தான்.

"தெரிஞ்சுதா?"

"மேகமே இல்ல ராத்தா. யார்டு, உப்பளம், எல்லாம்.
இருந்த இடத்துலயே தொழலாம்னு கையக் கட்டுனேன்.
கிப்லா அந்தப் பக்கம்."

இந்த ஒன்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.
எந்தப் பக்கம் திரும்பினாய் என்று கேட்கவும் வாய் வரவில்லை.
போகும்போது எந்த சீட் என்றேன்.

"நடுவுல ஏதாவது போடுங்க."